இரண்டாம் தரத்து மடம்

பத்துப் பேருக்கு மேல் வயோதிகர்களை ஒரே கூரையின்கீழ் வைத்துப் பராமரிக்கும் எந்த இடத்தையும், அந்த இடத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு மருத்துவ அதிகாரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல் சென்று பார்வையிட வேண்டும். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் நான் வேலைக்குச் சேர்ந்த சுகாதார அலுவலகத்தில் இருந்த விதி இது. சேர்ந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் இதைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஜப்பானியர் வந்தபின் இந்த விதியில் சொல்லப்பட்ட எதுவும் எங்களிடம் கையிருப்பில் இல்லை. மருத்துவ அதிகாரி, அவர்கள் ஊருக்குள் நுழைவதற்கு இரண்டு நாள் முன்பே காரில் தெற்கே போய்விட்டார். நாயையும் கூட்டிக்கொண்டு போனார். விட்டுப்போனது இரண்டு அலமாரி நிறைய அச்சிட்ட படிவங்களை. புதிதாக வந்த ஜப்பானிய நிர்வாகமோ, வழக்கமான வேலைகள் எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும் என்று ஒரே வரியில் உத்தரவு போட்டுவிட்டது. வழக்கம் என்னவென்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் டாக்டர் இல்லையே என்று எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடம், அங்கே சொல்கிறபடி தலைமைக் கிராணியிடம், சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் ஓடிட்டாரு. ஃபாரம் ஓடலையே. அது அங்கனதான உக்காந்திருக்கு. அத ரொப்புறதுக்கு ஒரு ஆள் வேணும்லா, தம்பி."

இப்படித்தான் நான் முதியோர் இல்லங்களின் தரத்தையும் பாதுகாப்பையும் மதிப்பிடும் அதிகாரியானேன். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஓர் இல்லம்தான் இருந்தது என்பதால் பெரிய தவறு எதுவும் நடந்துவிட வாய்ப்பில்லை என்று தலைமைக் கிராணி ஆறுதல் சொன்னார்.

அந்த இல்லம், ஊருக்கு மேற்கே, ரப்பர்க் காடு முடிந்து கோத்தா கோலா மூடாவை நோக்கிச் சாலை இறங்கும் இடத்தில் இருந்தது. சில தோட்டங்கள் சேர்ந்து போருக்கு முன்பு கட்டியது. பால் வெட்டியும் புல் வெட்டியும் உடம்பு ஓய்ந்துபோய், கப்பலேறி ஊருக்குப் போனால் வாசலில் நின்று வரவேற்க யாரும் இல்லாதவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சனங்கள் கெழட்டு மடம் என்றார்கள். நான் போன காலத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். கட்டடம் மட்டும் அருமையானது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, நாலு புறமும் அகலமான வராந்தா, வற்றாத கிணறு. உள்ளே மற்ற எதுவும் அவ்வளவு உறுதியாக இல்லை.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். அவற்றை எழுதியவர் மிக நல்ல மருத்துவமனை ஒன்றைப் பார்த்தவர் என்பது தெளிவு. எங்கள் மடத்தைப் பார்க்காதவர் என்பது அதைவிடத் தெளிவு. மடத்துக்கு ஒரே ஊழியர் டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் புண் கட்டி, கொய்னா மருந்து கொடுத்துப் பழகியவர். ஐம்பது வயது இருக்கும். முதல் தடவை போனபோது கேள்விகளை அவரிடம் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"இரவு நேரத் தாதிகள் எத்தனை பேர்?"

"நான்தான், தம்பி."

"பகல் நேரத் தாதிகள்?"

"அதுவும் நான்தான். ராத்திரி ஆளு மாறுறப்ப நானே எங்கிட்ட சாவியக் குடுத்துக்குவேன்."

"தீ விபத்து ஏற்பட்டால் எச்சரிக்கை மணியை அடிப்பவர் யார்?"

"அடிக்கிறதுக்கு நான் இருக்கேன். மணியத்தான் தூக்கிட்டுப் போயிட்டானுங்க."

இரும்பு, பித்தளை எல்லாம் சேகரித்துக்கொண்டிருந்த காலம் அது. மணி இல்லை, அடிக்க ஆள் உண்டு என்று எழுதினேன். கட்டில்களுக்கு இடையே உள்ள தூரம் என்ற கேள்விக்கு, கட்டில்கள் இல்லாத காரணத்தால் தூரம் போதுமானது என்று எழுதினேன். என் பதில்களை யாரும் படிக்கவில்லை என்பதற்கு, அடுத்த மாதமும் எனக்கு வேலை இருந்ததே சாட்சி.

ஆனால் நாலைந்து தடவை போய்வந்த பிறகு, அந்த நாற்பத்திரண்டு கேள்விகளும் கேட்காத சில விஷயங்கள் என் கண்ணில் படத் தொடங்கின. படுத்த படுக்கையாக இருப்பவருடைய தண்ணீர்ச் செம்பு அவர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, சுவரோரமாய் அழகுக்கு இருக்கிறதா. கால் நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா. கைநகத்தை அவர்களே கடித்துக்கொள்வார்கள், கால்நகத்தை இன்னொருவர்தான் குனிந்து வெட்ட வேண்டும். டிரசர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகிறதா. இந்த மடத்தில் நிற்கவில்லை. அவரை முகத்துக்கு நேரே திட்டினார்கள். முன்பு புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்த ஒரு கிழவி, அவர் கஞ்சி ஊற்றும்போதெல்லாம், "ஊத்துறியா, காட்டுறியா?" என்று கேட்பாள். அவர் இன்னும் அரை அகப்பை ஊற்றுவார். இல்லாத அரிசியில் அரை அகப்பை என்பது பெரும்பாலும் வெந்நீர்தான். ஆனாலும் கேட்க முடிந்தது, ஊற்றப்பட்டது. பயம் இல்லாத இடம் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று, கயிறு. வராந்தாத் தூணிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றை டிரசர் கட்டியிருந்தார். கண் மங்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்புவார்கள். கிணற்றடிப் பாசியில் ஒரு பாட்டி வழுக்கி இடுப்பொடிந்து செத்ததற்குப் பிறகு அவராக யோசித்துச் செய்தது. படிவத்தில் கயிற்றுக்கு இடமில்லை. 'இதர வசதிகள்' என்ற கட்டத்தில் 'கயிறு உண்டு' என்று எழுதினேன். என் படிவங்களிலேயே மேலிடத்தில் படிக்கப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான். முதியவர்கள் வசிக்குமிடத்தில் கயிறு வைத்திருப்பதன் நோக்கத்தை விளக்கும்படி அலோர் ஸ்டார் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் விளக்கினேன். அந்த விளக்கத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய அவர்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை எங்கள் கோப்பின் மேல் 'விளக்கம் நிலுவையில்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தோம். அந்தச் சிவப்பு எழுத்து இருக்கும்வரை கோப்பை யாரும் தொடவே மாட்டார்கள் என்பதை அப்போது சும்மா கவனித்து வைத்தேன்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போன ஆண்டு அது. உத்தரவு மிகச் சிக்கனமானது. எல்லா இல்லங்களையும் மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும். முதல் தரக் கட்டடங்கள், நோயுற்ற ஜப்பானிய வீரர்களின் ஓய்வுக்காக ஒப்படைக்கப்படும். மூன்றாம் தரத்தவை சுகாதாரக் கேடு என்பதால் மூடப்படும். இரண்டு வகையிலும் உள்ளே இருப்பவர்கள், தாங்கள் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

தோட்டத்தில் அப்போது வேலை செய்பவனுக்குத்தான் அரிசி. அதுவும் எண்ணிப் போடுகிற அரிசி. வலுவுள்ளவர்கள் சயாமில் இருந்தார்கள். கூலிக் குடியிருப்புகளான லயங்களில் மிஞ்சியிருந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். எழுபது வயதுக் கிழவனை அங்கே திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று எங்கள் அலுவலகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.  தலைமைக் கிராணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மொதத் தரம் போட்டா எடுத்துக்குவான். மூணாந் தரம் போட்டா மூடிருவான். வெளங்குதா?"

"இரண்டாம் தரம் போட்டால்?"

"ரெண்டாந் தரத்துக்கு என்ன செய்யணும்னு உத்தரவுல போடவே இல்லலா. அவனுங்க மறந்துட்டானுங்க. நீ படிச்ச பையன், நடுவுல போடு. ஆனா இந்த வாட்டி ஜப்பான் ஆபீசரும் கூட வர்றாரு. அவரு கண்ணுக்கும் நடுவுலதான் தெரியணும்."

ஒரு நல்ல இடத்தை நல்லதென்று காட்டலாம். கெட்டதை மறைக்கலாம். இரண்டுக்கும் எனக்குப் பயிற்சி இருந்தது. ஓர் இடத்தைச் சரியாக நடுத்தரமாகக் காட்டுவதற்கு எந்தக் கையேட்டிலும் வழி சொல்லப்படவில்லை. யோசித்துப் பார்த்ததில், மடம் இருக்கிறபடியே இருந்தாலே போதும் என்று தோன்றியது. கூரை உறுதி, சுவரெல்லாம் கறை. கிணறு நன்று, தரை பிளந்தது. பதினேழு பேரில் ஒருவர் எழுந்திருக்க முடியாதவர். முதல் தரத்துக்குரிய நிபந்தனைகளில், படுத்த படுக்கையாக எவரும் இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. அந்த ஒருவரே எங்களுக்குப் போதும்.

அவர் ஒரு பக்கம் வாதம் வந்து விழுந்தவர். இரண்டு வருடமாகப் பின்சுவர் ஓரத்தில் பாயிலேயே கிடந்தார். பேச்சு மட்டும் குழறாமல் இருந்தது.

நான் செய்திருக்க வேண்டியது, விதியில் உள்ளபடி, வாயை மூடிக்கொண்டு ஆபீசரோடு போய் இறங்குவது. அதைச் செய்யாமல் ஒரு வாரம் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். டயருக்குப் பதிலாகத் தோட்டக்குழாயை வளைத்துக் கட்டிய சைக்கிள். மடம் போய்ச் சேர்ந்தபோது பல்லெல்லாம் ஆடியது.

டிரசருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. "ஒண்ணும் செய்ய வேணாம், அதான? அது நமக்குக் கை வந்த வேலையாச்சே," என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த தண்டலுக்குத்தான் புரியவில்லை. இவர் முப்பது வருடம் ஒரு தோட்டத்தில் தண்டலாக இருந்து ஆட்களை மேய்த்தவர். மடத்துக்கு வந்தபின் மேய்ப்பதற்கு ஆட்கள் இல்லாததுதான் இவருடைய நோய். டிரசர் பதிவேட்டில் மூட்டுவலி என்று எழுதியிருந்தார்.

"ஏங்க கிராணி ஐயா, தொரை வர்றாருங்கறீங்க. செவுரு இப்பிடியேவா இருக்கும்?"

"இப்படியேதான் இருக்க வேண்டும், தண்டலய்யா. தொடவே கூடாது. அழகாக இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்."

"அழகா இருந்தா ஏதாச்சும் கூடக் குடுப்பாங்கய்யா. எங்க தோட்டத்துல பெரிய தொரை சீமையிலேருந்து வந்தப்போ லயமெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு, குருத்தோலை கட்டி, ஆளுக்கு அரை நாள் சம்பளம் கூடப் பேரு போட்டுக் குடுத்தாரு."

"இது அந்தத் துரை இல்லை. இது வேறு துரை."

"தொரையில என்னங்க வேற."

மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். கட்டடம் போய்விடும், பதினேழு பேரும் லாரியில் ஏற வேண்டும், லயத்தில் கஞ்சி ஊற்ற ஆள் கிடையாது. அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "சரிங்க ஐயா," என்றார். நான் நிம்மதியாகச் சைக்கிளேறினேன். பத்தாம் வகுப்பு, சீனியர் கேம்பிரிட்ஜ் எல்லாம் தேறியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: தோட்டத்தில் கிராணியைப் பார்த்துச் சொல்லும் 'சரிங்க' சம்மதம் அல்ல. அது ஒரு வணக்கம். பேச்சு முடிந்தது, நீங்கள் கிளம்பலாம் என்று பொருள்.

குறித்த நாளில் ஆபீசரோடு காரில் போனேன். மெலிந்த மனிதர். போருக்கு முன்பு ஜப்பானில் ஏதோ ஒரு நகரசபையில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று தலைமைக் கிராணி கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்களோடு அரைகுறை மலாயில் பேசுவார். முந்தின வாரம்தான் ஒரு கடிதத்தில் முத்திரை விட்டுப்போனதற்காக, அவருடைய மேலதிகாரி எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவர் கன்னத்தில் அறைந்திருந்தார். நாங்கள் எல்லோரும் உடனே மேசைகளில் எதையோ தேடினோம்.

கார் வளைவில் திரும்பியதும் மடம் தெரிந்தது. கண் கூசியது.

நான்கு சுவரும் வெள்ளை வெளேரென்று நின்றன. கோலா மூடாவிலிருந்து மீன் கொண்டுவரும் மலாய்க்காரரிடம் தேங்காய் கொடுத்து, சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி, வாரம் முழுக்க அடித்திருக்கிறார்கள். பாதையில் ஆற்று மணல். இரு புறமும் வெள்ளை பூசிய கற்கள். வாசலில் குருத்தோலைத் தோரணம். அதற்குக் கீழே, கால் மணி நேரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்த பெரட்டு. தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்க நிறுத்துவார்களே, அதே வரிசை. குளித்து, திருநீறு பூசி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. முன்னால் தண்டல், கையில் ஒரு குச்சியோடு. மூட்டுவலி இருந்த இடம் தெரியவில்லை.

டிரசர் கதவோரமாக நின்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ராத்திரி ராத்திரியாக அடித்திருக்கிறார்கள், தடுத்தபோது தன்னையே சுண்ணாம்பு வாளி தூக்க வைத்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார். அவர் சட்டையிலும் சுண்ணாம்பு இருந்தது.

பெண்கள் வரிசையிலிருந்து புல்வெட்டுக் கிழவியின் குரல் கேட்டது. "யோவ் தண்டலு, காலு கடுக்குது. பேரு போட்டியா இல்லியா?"

"வாய மூடிட்டு நில்லு. தொரை எறங்குறாரு."

"எறங்கட்டுமே. நான் என்ன அவருக்குப் பொண்ணா பாத்து வெச்சிருக்கேன்?"

ஆபீசர் இறங்கினார். வரிசைகள் இரண்டும் ஒன்றாகக் குனிந்தன. ஜப்பானிய வணக்கத்தை எல்லோருக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்த காலம், ஆனால் இவ்வளவு ஒழுங்காக ஒரு பட்டாளமே குனிந்து நான் பார்த்ததில்லை. தலைகளை எண்ணிப் பதினேழு என்று வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிற்கக்கூடியவர்கள் பதினாறு பேர்தான்.

ஆண்கள் வரிசையின் கோடியில், வராந்தாவின் முன்தூணில், வாதம் வந்தவர் நின்றுகொண்டிருந்தார். மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலுமாகப் பழைய வேட்டியால் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு கோட்டு மாட்டி முடிச்சுகளை மறைத்திருந்தார்கள். அவரால் குனிய முடியாததால் கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

"பாகுஸ்," என்றார் ஆபீசர். நல்லது. சுவரைத் தொட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார். உள்ளே போய் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகுஸ். அவர் மனத்துக்குள் கட்டில்களைப் போட்டு வீரர்களைப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. வெளியே வந்து, யாருக்காவது நோய் உண்டா என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தண்டலே மலாயில், துரையைத் துவான் என்று விளித்து, பதில் சொல்லிவிட்டார்.

நோயாளி யாரும் இல்லை, துவான். எல்லோரும் நிற்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. ஐம்பது வருடம் அவர்கள் கற்ற பாடம் அது. பெரட்டில் நின்றவனுக்குப் பேர் உண்டு, பேர் இருந்தால் அரிசி உண்டு. சீக்கு என்று லயத்தில் படுத்தவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. அந்தக் கணக்கில் வாதம் வந்தவரை மட்டும் படுக்கவிட்டுவிட்டு வருவது, அவர் வாய்க்குப் போகும் கஞ்சியை மற்றவர்கள் பறிப்பது போலாகும். அதனால் அவரையும் நிறுத்திவிட்டார்கள். படுத்திருப்பவனுக்குத்தான் இடம் என்று ஓர் அரசாங்கம் சொல்லும் என்பதை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

"முதல் தரம், எழுது," என்றார் ஆபீசர்.

நான் எழுதவில்லை. பேனாவைத் திறந்து, மூடி, கேள்விகளை வரிசையாகக் கேட்டுத்தான் தரம் எழுத வேண்டும் என்றேன். கேட்கச் சொன்னார். மணியைப் பற்றியும் தாதிகளைப் பற்றியும் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தொன்பதாவது கேள்விக்கு வந்தேன். படுத்த படுக்கையாக உள்ளவர்கள் எத்தனை பேர்?

"ஒருவருமில்லை. எல்லோரும் நிற்கிறார்கள்," என்றார் ஆபீசர்.

"ஒருவர் இருக்கிறார், துவான்." தூணைக் காட்டினேன்.

ஆபீசர் தூண் அருகே போனார். கோட்டை விலக்கிப் பார்த்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வாதம் வந்தவருடைய கால்களைப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில்தான் இருந்தன.

"நிற்கிறாரே."

"கட்டியிருப்பதால் நிற்கிறார், துவான். அவிழ்த்தால் படுத்துவிடுவார்."

"படுக்க மாட்டாருங்க!" என்று தண்டல் பாய்ந்தார். "கிராணி ஐயா, நீங்க எங்காளா, அவங்காளா?"

வாதம் வந்தவர் என்னைப் பார்த்தார். "நிக்கிறேன் ஐயா," என்றார் மெதுவாக. "ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் நிக்கிறேன். ரோடு தெரியுது. கார் வந்தது தெரிஞ்சுது. அதயும் இல்லேன்னு எழுதிராதீங்க."

 படிவத்தைப் பார்த்துக்கொண்டு, ஆபீசரிடம் மட்டும் பேசினேன். துவான், கட்டி நிறுத்தப்பட்டவர் நிற்பவரா படுத்திருப்பவரா என்று விதியில் சொல்லப்படவில்லை. நிற்பவர் என்று நாம் எழுதி, பிறகு மேலிடத்திலிருந்து யாராவது வந்து முடிச்சை அவிழ்த்தால், கையெழுத்து துவானுடையதாக இருக்கும். சந்தேகம் ஏற்படும் இடத்தில் தலைமை அலுவலகத்தின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பழைய தரமே தொடரும். பழைய தரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் நான் அதை இரண்டாம் தரம் என்று அழுத்தமாகச் சொன்னேன்.

 ஆபீசர் இடது கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டார். துப்பாக்கி வைத்திருந்த ஒரு மனிதர், முத்திரை இல்லாத காகிதத்துக்குப் பயந்ததை நான் அன்று பார்த்தேன். அப்படிப் பயப்படும் ஆளாக அவர் இல்லாமல் போயிருந்தால் மறுநாளே லாரி வந்திருக்கும்.

"சூராத்," என்றார் கடைசியில். கடிதம் எழுது.

கார் ஏறும்போது தண்டலின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "தொரை மொதத் தரம் குடுத்தாருய்யா. இந்தக் கிராணிப் பையன் நடுவுல பூந்து புடுங்கிட்டான். நம்ம ஆளே நமக்கு ஆகாது." டிரசர் எத்தனையோ தடவை விளக்கியும் கடைசிவரை அவர் என்னை மன்னிக்கவில்லை. நான் வரும் நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மடத்தின் பாதுகாப்பை உறுதி செய்ததற்கு எனக்குக் கிடைத்த சன்மானம் அது.

அன்று இரவே கடிதத்தை எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் அதைப்போல் கவனமாக எதையும் எழுதியதில்லை. பதில் எழுதுவது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினமாக இருக்கும்படி கேள்வியை அமைத்தேன். கட்டு எந்த அளவுக்கு இறுக்கமாக இருந்தால் நிற்பதாகக் கொள்ளலாம்? தூண் கட்டடத்தின் பகுதியா, நபரின் பகுதியா? மூன்று பிரதி, மூன்று இணைப்பு, ஒரு வரைபடம். வரைபடத்தில் தூணையும் மனிதரையும் முடிச்சுகளையும் அளவோடு போட்டேன். தலைமைக் கிராணி படித்துவிட்டு, "இதுக்கு ஒருத்தன் பதில் எழுதிட்டான்னா அவன் கால்ல விழுவேன்லா," என்றார். கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதினோம்.

ஆபீசர் மாதம் ஒருமுறை என் மேசைக்கு வந்து, "சூராத்?" என்பார். "பெலும், துவான்," என்பேன். இன்னும் இல்லை. எங்களுக்குள் இதற்குமேல் உரையாடல் தேவைப்படவில்லை. ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் கெடா மாநிலத்தையே சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோப்புகள் கை மாறின. என் கடிதத்தின் ஒரு பிரதி யார் மேசைக்கோ போனது. ஆபீசரும் மாற்றலாகிப் போனார். பின்னால் வந்த சயாமிய அதிகாரி கோப்பைத் திறந்து, எழுத்து புரியாமல், சிவப்பு மையைக் காட்டி என்னவென்று கேட்டார். நிலுவை என்று விளக்கினேன். உடனே புரிந்துகொண்டு, மரியாதையோடு மூடி வைத்தார்.

நிலுவை காப்பாற்றியது கூரையை மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது அரிசி போடவில்லை. கஞ்சி கிழங்காயிற்று, கிழங்கும் குறைந்தது. மலேரியா வந்தது, கால் புண் வந்தது, மருந்து வரவில்லை. சண்டை ஓய்ந்தபோது பதினேழு பேர் பத்துப் பேராகியிருந்தார்கள். ஆனால் அந்த ஏழு பேரும் சுவர்களுக்குள், தண்ணீர்ச் செம்பு கையெட்டும் தூரத்தில், டிரசரைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஜப்பானியர் வருவதற்கு முன்பு இதைப் பெரிய விஷயமாக நினைத்திருக்க மாட்டேன்.

வாதம் வந்தவருக்கு ஒரு நன்மை நடந்தது. அன்று ஆபீசர் போனபின் முடிச்சை அவிழ்த்ததும், பின்சுவருக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டார். டிரசர் அவர் பாயை முன்தூண் அடியிலேயே போட்டார். அதன்பிறகு சாலையில் போகும் ஒவ்வொரு மாட்டுவண்டியையும் அவர்தான் உள்ளே இருப்பவர்களுக்கு அறிவிப்பார். படுத்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதலாமா என யோசித்தேன். அதற்கும் விளக்கம் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஜப்பானியர் சரணடைவதற்கு நாலு மாதம் முன்பு, அந்தத் தூணடியிலேயே ஒரு காலையில் இறந்துபோனார்.

பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். அதே நாற்காலிகள், அதே அலமாரிகள். வந்தவர்களும் வட்டாரம் முழுக்க ஓட்டுக் கூரைக் கட்டடங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு பட்டாளம் இருந்தது, அதற்கும் கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. ஓர் இளம் கேப்டன் எங்கள் பட்டியலைப் புரட்டி, இந்த இரண்டாம் தர இல்லம் எப்படிப்பட்டது என்று கேட்டார். கோப்பைக் காட்டினேன். சிவப்பு மையைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின் அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு கடித உறை வந்தது. ஜப்பானியக் காலத்துக் கோப்புகளை ஒழுங்கு செய்யும் யாரோ ஒரு புண்ணியவான் என் வரைபடத்தைக் கண்டெடுத்திருக்கிறார். பதில் இரண்டே வாக்கியம். கட்டி நிறுத்தப்பட்டவர் எந்த வகையில் சேர்வார் என்பதை முடிவு செய்யும் பொருட்டு, சம்பந்தப்பட்ட நபர் தற்சமயம் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்பதை நேரில் கண்டு தெரிவிக்கவும். தங்கள் தகவல் கிடைக்கும்வரை இல்லம் இப்போதைய தரத்திலேயே, இப்போதைய வாசிகளுடனேயே தொடரலாம்.

தலைமைக் கிராணியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "ஆளு செத்துட்டாரேலா, தம்பி. எழுதப் போறியா?"

நான் எழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை. கடைசிப் பத்துப் பேரும் அங்கேயே இருந்து, அங்கேயே போனார்கள். அந்தப் பதில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு, மாட்டுப் பொங்கலன்று.